கடல் காத்த திராட்சை... குளிர் பறித்த மொட்டு! கனடாவின் ஒயின் பள்ளத்தாக்கு

ஒயின் என்றாலே பிரான்ஸும் இத்தாலியும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், பனிக்குப் பெயர்போன கனடாவின் கிழக்குக் கரையிலும் திராட்சை விளைகிறது. நோவா ஸ்கோஷியா மாகாணத் தலைநகர் ஹாலிஃபாக்ஸிலிருந்து காரில் ஒரு மணி நேரம் சென்றால், உல்ஃப்வில் என்ற சிற்றூர். அதைச் சுற்றியுள்ள அனாபொலிஸ் பள்ளத்தாக்கில் ஆப்பிள் தோட்டங்களும் திராட்சைத் தோட்டங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன.

இங்கே கடல்தான் காவல். பக்கத்திலிருக்கும் ஃபண்டி விரிகுடாவில் கடல் ஏறி இறங்கும் அளவு உலகிலேயே அதிகம். சில இடங்களில் 16 மீட்டர், அதாவது ஐந்து மாடி உயரம்! நிலத்தைவிடக் கடல் மெதுவாகக் குளிர்வதால், உறைபனி சற்றுத் தள்ளிப்போகிறது. அந்தக் கூடுதல் நாள்களில்தான் பழம் கனிகிறது. கோடை மிதமானது என்பதால், பழத்தின் புளிப்பும் குறைவதில்லை. நுரை பொங்கும் ஸ்பார்க்ளிங் ஒயினுக்கு அந்தப் புளிப்புதான் உயிர்.

2012-ல் இந்த மாகாணம் தனக்கென்று ‘டைடல் பே’ என்ற வெள்ளை ஒயினை அறிமுகம் செய்தது. திராட்சை முழுக்க உள்ளூரில் விளைந்திருக்க வேண்டும். யார் தயாரித்தது என்று தெரியாமலே நடுவர் குழு ருசித்துப் பார்த்து ஒப்புதல் தரும்.

ஆனால், கடலாலும் காப்பாற்ற முடியாத ஓர் இரவு வந்தது. 2023 ஜனவரியில் குளிர் வழக்கத்தைவிடக் குறைவு. பிப்ரவரி தொடக்கத்தில் துருவக் காற்று வீச, வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே சரிந்தது. கடுங்குளிருக்குத் தயாராகாத மொட்டுகள் கொடியிலேயே கருகின. சார்டனே, பினோ நுவார் போன்ற புகழ்பெற்ற ஐரோப்பிய ரகங்களுக்குத்தான் பலத்த அடி. ‘லகாடி பிளாங்க்’ போன்ற கலப்பின ரகங்கள் ஓரளவு தாக்குப்பிடித்தன.

அடுத்து எதை நடுவது? பெரிய பெயர் நல்ல விலை தரும். கலப்பினமோ குளிரைத் தாங்கும். எதை நட்டாலும் முதல் அறுவடைக்குச் சுமார் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். தப்பான முடிவை இன்னொரு பிப்ரவரி மன்னிக்காது.

பள்ளத்தாக்கைப் பார்க்க செப்டம்பர், அக்டோபர் ஏற்ற மாதங்கள். திராட்சை அறுவடையோடு ஆப்பிள் பறிப்பும் களைகட்டும் என்பதால், குழந்தைகளுக்கும் கொண்டாட்டம்தான். தோட்டத்துக்காரர்களிடம் லகாடி பற்றிக் கேட்க மறக்காதீர்கள். அந்த ரகம் பிறந்தது தொலைவிலுள்ள ஒன்டாரியோவில். பெயர் மட்டும், பிரெஞ்சுக் குடியேறிகள் ‘அகாடி’ என்று அழைத்த இந்த மண்ணுடையது!