சுய விருப்பத்தின் பேரில்

வங்கிக் கவுன்ட்டரில் பதினொரு வருஷமாக உட்கார்ந்திருப்பதால் கையெழுத்தின் மேல் எனக்கு ஒருவித மூடநம்பிக்கை. கையெழுத்து ஒத்துப்போனால் ஆளும் ஒத்துப்போகிறான் என்று பாவித்துப் பணத்தைக் கொடுக்கிறோம். நண்பன் ஒருவனுக்காகப் போன வருஷம் நான் எழுதிய மனு இதைக் கெடுத்துவிட்டது.

அவன் கவிஞன். இம்மாதிரிப் பத்திரிகைகளில் நாலைந்து கவிதைகள் வந்திருக்கின்றன. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் கஞ்சா பிடிப்பான். ஓர் இரவு சட்டைப்பையில் பொட்டலத்தோடு போலீஸிடம் அகப்பட்டுக்கொண்டான். 1985ஆம் வருஷத்துச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி கஞ்சா உபயோகித்ததற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வக்கீல் 64ஏ பிரிவைக் காட்டினார். போதைக்கு அடிமையானவன் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கு இல்லை. சிகிச்சையை முழுதாக முடிக்காவிட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம்.

மனு எழுதும் வேலை என்னிடம் வந்தது. ‘நான் போதைக்கு அடிமையானவன். என் சுய விருப்பத்தின் பேரில்...’ அவன் படித்துவிட்டு, “இந்த ‘நான்’ யாருடா?” என்று கேட்டான். அடிமை என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் அவன் சுய விருப்பம் செல்லுபடியாகும். இந்த வாக்கியத்தின் விசித்திரம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. கையெழுத்து வாங்குவதிலேயே குறியாயிருந்தேன்.

பிறகு பர்ரோஸின் ‘ஜங்கி’யை மறுபடி எடுத்துப் படித்தேன். அதில் வரும் லெக்ஸிங்டன் ஆஸ்பத்திரியை அமெரிக்க அரசாங்கம் 1935இல் கென்டக்கியில் திறந்தது. கைதிகளும் தாமாக வந்தவர்களும் ஒரே இடத்தில். பர்ரோஸ் 1948இல் தாமாகப் போனவர். தாமாக வந்தவர்கள் நினைத்தபோது வெளியேறலாம். பலர் பாதியிலேயே வெளியேறினார்கள். ஆராய்ச்சிக்கு உடம்பைக் கொடுத்த கைதிகளுக்குப் போதைமருந்தே கூலியாகத் தரப்பட்டது. அவர்களிடமும் சம்மதம் வாங்கித்தான் இருப்பார்கள். 1953இல் வில்லியம் லீ என்ற பெயரில் வந்த அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது, திருந்திவிட்டதாக அவர் சொல்லிக்கொள்ளாததுதான்.

நண்பன் போன இடத்தில் சொல்லித்தான் ஆகவேண்டும். தினமும் மாலை வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் தம் கதையைச் சொல்ல வேண்டும். வீழ்ச்சி, அவமானம், அம்மாவின் கண்ணீர், விழிப்பு என்ற வரிசையில். அவன் கதையில் அம்மா அழவில்லை. அவள் செத்துப் பல வருஷமாகிறது. “நீங்க இன்னும் மனசைத் திறக்கலை” என்றார்களாம். மறுநாள் அம்மாவை உயிர்ப்பித்து அழவைத்தான். கைதட்டினார்கள். (நம் விமர்சகர்கள் சிலரும் இதற்குத்தான் கைதட்டுகிறார்கள்.) ஆனால் பக்கத்துக் கட்டிலில் இருந்த, மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொண்டிருந்த இருபது வயதுப் பையன் அதே வட்டத்தில் நிஜமாகவே அழுதான் என்பதையும் அவனேதான் சொன்னான். அந்தப் பையனை அந்த இடம் காப்பாற்றியிருக்கலாம்.

பத்தொன்பதாம் நாள் இரவு அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். காலில் செருப்பில்லை. நாலு தோசை சாப்பிட்டான். “பாதியில வந்துட்டா கேஸ் திரும்பவும் வரும்டா” என்றேன். அவன் எதுவும் கேட்டிருக்கவில்லை. தூங்க ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். விடிவதற்குள் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டேன். அங்கிருந்த பதிவேட்டில் ‘அழைத்து வந்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

சிகிச்சையை முடித்துக்கொண்டு வந்தான். வழக்கு போயிற்று. கஞ்சாவை விட்டானா என்று நான் கேட்டதில்லை. கவிதை எதுவும் காட்டுவதில்லை. போன மாதம் பணம் எடுக்க என் கவுன்ட்டருக்கு வந்தான். கையெழுத்து, திரையில் இருந்த மாதிரியோடு ஒத்துப்போகவில்லை. மறுபடி போடச் சொன்னேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது. பணத்தை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு, அந்த மனுவின் நகல் இருந்தால் வேண்டும் என்றான்.

இருக்கிறது. இன்னும் கொடுக்கவில்லை.