காருக்குள் ஓர் இனிப்பு வாசனை

நம் ஊரில் மோட்டார் காரில் ஏறியதும் கண்ணாடியை இறக்கிக் காற்று வருகிறதா என்று பார்ப்போம். இங்கிலாந்தில் மார்கழி, தை மாதங்களில் காரில் ஏறுகிறவர்கள் முதலில் தேடுவது ஹீட்டரை. அந்த ஹீட்டருக்கு ஒரு வியாதி வந்தால் வீட்டுப் பெண்களும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஏன் என்று கேளுங்கள்.

என் மகள் குடும்பம் பர்மிங்ஹாமில் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு ஒரு பழைய மோரிஸ் மைனர் மேல் உயிர். 1948-ல் முதன்முதலாக வெளிவந்து, 16 லட்சத்துக்கு மேல் விற்ற ரகம். இவருடையது 1965-ல் செய்தது. போன குளிர்காலத்தில் நான் அங்கே போயிருந்தபோது, அதில் ஏறினாலே சர்க்கரைப் பாகு காய்ச்சுகிற மாதிரி ஒரு மணம் வரும். முன் கண்ணாடியின் உட்புறத்தில் பிசுபிசுவென்று ஒரு படலம்; துடைத்தால் இன்னும் மங்கும். காலடிக் கம்பளத்தில் ஈரம்.

"மழைத் தண்ணீராக இருக்கும், அத்தை" என்றார் மாப்பிள்ளை.

மழைத் தண்ணீர் விரலில் ஒட்டுமோ? இது ஒட்டியது.

ஒரு நாள் கார் வாசலில் நின்றுகொண்டிருந்தது. மூன்று வயதுப் பேத்தி உள்ளே ஏறி விளையாடினாள். கையிலிருந்த பிஸ்கட் அந்த ஈரக் கம்பளத்தில் விழுந்தது. எடுத்து வாயில் வைக்கப் போனவளிடமிருந்து மகள் பாய்ந்து பிடுங்கினாள். நல்ல காலம்!

விஷயம் இதுதான். என்ஜின் சூட்டைத் தணிக்கச் சுற்றிவரும் வெந்நீரில் ஒரு பங்கை, டாஷ்போர்டுக்கு அடியிலுள்ள சிறு பெட்டிக்குத் திருப்பிவிடுகிறார்கள். பெட்டிக்குள் ஒரு குட்டி ரேடியேட்டர். ஹீட்டர் கோர் என்று பெயர். அதன் வழியே விசிறி ஊதும் காற்று சூடாகிக் கால்களுக்கும், பனி மூடாதபடி முன் கண்ணாடிக்கும் போகிறது.

வெறும் தண்ணீர் உறைந்தால் நூற்றுக்கு 9 பங்கு பருத்துக் குழாயைப் பிளந்துவிடும். அதனால் எதிலீன் கிளைகால் என்ற திரவத்தைக் கலக்கிறார்கள். பாதிக்குப் பாதி கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 35 டிகிரி வரை உறையாது. ஆனால் அது தித்திக்கும். அந்தத் தித்திப்புத்தான் ஆபத்து! சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே வாங்கும் விஷம் அது. பூனையும் நாயும் நக்கிச் செத்துப் போவதுண்டு. சிலர் கசப்பு மருந்து சேர்த்து விற்கிறார்கள், எல்லாரும் அல்ல.

கோர் கசிகிறது என்றதும் ஒரு கடையில் பொடி ஒன்றைக் கொடுத்து, "ரேடியேட்டரில் கொட்டுங்கள், ஓட்டை அடைபடும்" என்றார்களாம். அடைபடும், வாஸ்தவம். நல்ல குழாய்களும் சேர்ந்து அடைபடலாமே! ஜலதோஷத்துக்கு மூக்கையே அடைக்கிற வைத்தியம். இன்னொரு வழி, கோரை விலக்கிவிட்டு இரண்டு ரப்பர் குழாய்களையும் ஒன்றாக இணைப்பது. கோடைக்குச் சரி. குளிரில் கண்ணாடி மூடிக்கொண்டால் எதிரே வருவது தெரிய வேண்டாமா?

அந்த ஞாயிற்றுக்கிழமையே மாப்பிள்ளை கழற்ற உட்கார்ந்தார். என்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் மூடியைத் திறந்தார். சூட்டோடு திறந்தால் வெந்நீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். பாட்டரி வயரை எடுத்தார். பழைய நீரை ஒரு பேஸினில் பிடித்தார். ரப்பர் குழாய் கெட்டியாக ஒட்டியிருந்தது. அதை முறுக்கி இழுத்தால் கோரின் மூக்கே ஒடிந்துவிடும் என்று, கத்தியால் கீறி உரித்தார். புதுக் குழாய்க்கு அதிக விலை இல்லை.

பெட்டி வெளியே வந்ததும் கோரின் ஒரு வாயை அடைத்து, மறு வாயில் காற்றடித்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்தினார். சைக்கிள் டியூபுக்குப் பார்ப்போமே, அதே முறைதான். ஓரத்து இணைப்பில் குமிழி குமிழியாக வந்தது. செம்பும் பித்தளையுமான பழைய கோர் என்பதால் ரேடியேட்டர் பட்டறையில் பற்றவைத்துக் கொடுத்தார்கள். நம் ஓட்டைச் செம்புக்குப் பற்றுவைக்கிற மாதிரி. பல இடத்தில் அரித்திருந்தால் புதிதுதான் போட வேண்டும். பிற்காலக் கார்களின் அலுமினியக் கோருக்கும் பெரும்பாலும் அதே கதி. அவற்றில் பலவற்றுக்கு டாஷ்போர்டு முழுவதையும் கழற்றியாக வேண்டும்!

திரும்ப மாட்டிப் புதுக் கலவை ஊற்றி, உள்ளே தங்கிய காற்று வெளியேறும்வரை என்ஜினை ஓடவிட்டார். கண்ணாடியையும் கம்பளத்தையும் சோப்பு நீரால் கழுவியது மகள். கம்பளத்தின் அடியில் ஊறிக் கிடந்த மெத்தைத் துணி குப்பைக்குப் போனது. பழைய நீரைச் சாக்கடையில் கொட்டாமல், மூடி போட்டு நகரசபைக் கிடங்கில் கொடுத்தார்கள்.

நமக்கென்ன, நம் காரில் ஹீட்டரைத் தொடுவதே இல்லை என்கிறீர்களா? ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட் டப்பா உங்கள் கார் ஷெட்டிலும் இருக்கலாம். பெரும்பாலும் அதிலும் இதே கிளைகால்தான். டப்பாவை உயரத்தில் வையுங்கள். குடிநீர்ப் பாட்டிலில் மாற்றி ஊற்றாதீர்கள். தரையில் சிந்தினால் உடனே கழுவுங்கள். குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டது என்று சந்தேகம் வந்தாலும், மயக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் டப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் மாற்று மருந்து உண்டு.