ஒட்டிய பெயரும் செய்த கையும்

ஒரு பொருளின் பெறுமதி அதைச் செய்த உழைப்பில் உள்ளதா, அதன்மேல் ஒட்டிய பெயரில் உள்ளதா? பல்கலைக்கழக நாட்களில் இவ்வினாவை வைத்து விடிய விடிய வாதாடியிருக்கிறோம். பெரும்பாலும் வென்றுமிருக்கிறோம். ஆனால், சென்ற ஆண்டு ஆவணி விடுமுறையின்போது, மிலான் நகரத்து நிலவறையொன்றிற் பழைய துவிச்சக்கர வண்டியொன்றின் முன் நின்ற வேளையிலேதான், அவ்வினாவுக்கு வாயினால் விடை சொல்வது எத்துணை எளிது என்பதை உணர்ந்தோம்.

எமது அக்காவும் அத்தானும் பல ஆண்டுகளாக அந்நகரில் வாழ்கின்றனர். முதியோரைப் பராமரிப்பது அத்தானின் தொழில். ஆறு ஆண்டுகள் அவர் பராமரித்த முதியவர் ஒருவர் அவ்வாண்டு சித்திரையிற் காலமானார். மிலானை ஒட்டிக் கிடக்கும் செஸ்தோ சான் ஜோவன்னியிற் கடைசல் தொழிலாளியாக இருந்தவர் அவர். உருக்காலைகளும் இயந்திரசாலைகளும் நிறைந்திருந்த அவ்வூரை 'இத்தாலியின் ஸ்டாலின்கிராட்' என்று ஒரு காலத்தில் அழைத்தனர். முசோலினியின் ஆட்சி இன்னும் வீழாதிருந்த 1943ஆம் ஆண்டு பங்குனியில், தூரின் நகரத் தொழிலாளரைத் தொடர்ந்து வேலைநிறுத்தத்தில் இறங்கிய ஊர் அது. முதியவரின் மகள் நிலவறைச் சாவியை அத்தானிடம் கொடுத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மிகுதியை எறிந்துவிடும்படி சொல்லியிருந்தார். எறிய வேண்டியவற்றின் நடுவே, சுவரிற் சாய்ந்து கிடந்தது அவ்வண்டி.

தூசியைத் துடைத்தபோது நீல வர்ணம் தெரிந்தது. வளைந்த ஹாண்டில், மெலிந்த சில்லுகள், குரோம் முலாம் பூசிய முன்கவை. கீழ்க்குழாயிலே, பந்தய உலகில் யாவரும் அறிந்த நிறுவனமொன்றின் பெயர் ஒட்டப்பட்டிருந்தது. பழைய வண்டிகளை வாங்கி விற்கும் ஒருவருக்கு அத்தான் முன்னரே படம் அனுப்பியிருந்தார். பெயர் மெய்யானால் 1,500 யூரோவுக்கு மேல் தரலாம் என்று விடை வந்திருந்தது. பெடல் அச்சு ஓடும் கூட்டின் அடியில் 58 என்ற எண் பொறிக்கப்பட்டிருந்தது. அதைக் காட்டி, "1958ஆம் ஆண்டுச் சாமான் போலக் கிடக்கு. தம்பி, நீர் படிச்ச பிள்ளை, பாத்துச் சொல்லும்" என்றார் அத்தான்.

நாம் படித்தது தமிழை, இரும்பையன்று. ஆயினும், ஏட்டுச்சுவடியின் காலத்தைத் துணிய எம் ஆசிரியர் கற்பித்த முறை நினைவில் இருந்தது. பாயிரத்தை மட்டும் நம்பாதே; அகச்சான்றைத் தேடு; இடைச்செருகலை விலக்கு. இம்முறை இரும்புக்கும் பொருந்தும் என்பதை எமக்குக் காட்டியவர், அத்தானுக்கு அறிமுகமான ஒரு கிழவர். இளமை முழுவதும் வண்டிச் சட்டங்களைப் பற்றவைத்து வாழ்ந்தவர். ஆவணி நடுப்பகுதியில் மிலான் வெறிச்சோடிக் கிடக்கும், கடைகள் பூட்டப்பட்டிருக்கும். அவரோ தம் பழைய பட்டறைக்கு மேலேயே குடியிருந்தார். அத்தான் மொழிபெயர்க்க, நாம் கேட்டுக் குறித்துக்கொண்டோம்.

முதலில் வீழ்ந்தது 58. அது ஆண்டு அன்று. சட்டத்தின் அளவு, சென்ரிமீற்றரில். அக்காலத்து இத்தாலியச் சட்டங்கள் பலவற்றில் தொடர் இலக்கமே இராது. அளவு மட்டுமே இருக்கும். கியர் மாற்றி கம்பஞோலோ நிறுவனத்தின் 'நுவோவோ ரெக்கோர்ட்'. துல்லியோ கம்பஞோலோ 1933இல் விசென்சாவில் தொடக்கிய நிறுவனம் அது. அந்த உறுப்பின் மேல் 'பேட்டன்ட் 74' என்று வார்க்கப்பட்டிருந்தது. அவ்வெண் அது செய்யப்பட்ட காலத்தைக் காட்டும் என்றார் கிழவர். எனினும், உறுப்பை எவரும் மாற்றலாம். அது இடைச்செருகலாக இருக்கலாம். ஆகவே சட்டத்தையே கேட்க வேண்டும். பின்சில்லு அமரும் இடைவெளி 120 மில்லிமீற்றர். ஐந்து பற்சில்லுகளுக்கு உரியது. ஆறு பற்சில்லுகள் வந்தபின் அது 126 ஆயிற்று. தடுப்புக் கம்பியைத் தாங்கும் கொழுவிகள் சட்டத்தோடு பற்றவைக்கப்படாமல், வளையப் பட்டிகளாகக் கட்டப்பட்டிருந்தன. சட்டமும் உறுப்பும் ஒரே காலத்தைச் சொல்லின: 1970களின் நடுப்பகுதி.

அடுத்து நாடு. பெடல் அச்சுக் கூட்டின் அகலம் 70 மில்லிமீற்றர். இருபுறமும் வலம்புரிப் புரி. ஆங்கிலேய வண்டியானால் 68 மில்லிமீற்றர் இருக்கும். வலப்பக்கப் புரி இடம்புரியாக ஓடும். வண்டி இத்தாலியதே.

பின்பு உருக்கின் தரம். இருக்கைத் தண்டை உருவி, எம் பாடசாலை ஆய்வுகூடத்தில் உள்ளதைப் போன்ற வேணியர் இடுக்கிமானியால் அளந்தார் கிழவர். 27.2 மில்லிமீற்றர். அது நுழையும் குழாயின் வெளிவிட்டமோ 28.6. அங்கே குழாயின் சுவர் ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லை என்பது பெறப்படும். மலிவான குழாயின் சுவர் தடித்திருக்கும், தண்டு சிறுத்திருக்கும். முன்கவையைக் கழற்றி, அதன் தண்டினுள்ளே விரலை விடும்படி சொன்னார். சுருள்சுருளாக ஐந்து வரம்புகள் தட்டுப்பட்டன. வெளியே சிறிய புறா முத்திரை. 1919இல் ஏ. எல். கொலம்போ மிலானில் நிறுவிய 'கொலம்புஸ்' குழாய் ஆலையின் அடையாளம் அது. குழாய்கள் 'எஸ். எல்.' வகை, நுனிகளில் 0.9 மில்லிமீற்றர், நடுவில் 0.6. மோதலில் முன்குழாய்கள் நெளிந்துள்ளனவா என்று அடிப்புறத்தைத் தடவிப் பார்த்தார். பின்சில்லுப் பிடியிலிருந்து ஒரு நூலைத் தலைக்குழாயைச் சுற்றி மறுபுறத்துக்குக் கட்டி, நடுக்குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை இருபுறமும் அளந்தார். வேறுபாடு இல்லை. அரை நூற்றாண்டு ஓடியும் சட்டம் கோணவில்லை.

ஆனால், பெயர் பொய். கொல்னாகோவின் மூவிலையும் தே ரோசாவின் இதயமும் போல, பெரும் பட்டறைகள் தம் முத்திரையை உருக்கிலேயே வெட்டுவதுண்டு. இந்தச் சட்டத்தில் எந்த முத்திரையும் இல்லை. மூட்டுகளின் வெட்டும் அந்த நிறுவனத்தினது அன்று. "இது ஏதோவொரு முற்றத்துப் பட்டறையில் பிறந்தது" என்றார் கிழவர். அத்தகைய பட்டறைகள் பிறர் பெயருக்கும் சட்டம் செய்து கொடுத்தன. மிலானின் விகொரெல்லி சைக்கிளோட்ட அரங்கின் கீழே பட்டறை வைத்திருந்த ஃபலியேரோ மாசியின் சட்டங்களையே வேறு நிறுவனங்களின் பெயரோடு வீரர்கள் ஓட்டினார்கள். பெயர் பெற்ற கைக்கே அக்கதியென்றால், பெயரற்ற கைகளை யார் கணக்கெடுத்தார்? மூட்டொன்றின் ஓரத்தை எம் நகத்தால் தடவச் செய்தார் கிழவர். குழாயோடு குழாயாக மெலியும்வரை அரத்தால் அராவியிருந்தது. "இதற்கு ஒரு நாள் முழுவதும் போயிருக்கும்" என்றார். சங்கப் புலவர் சிலரின் இயற்பெயர் தொலைந்துபோக, அவர்தம் சொற்றொடரையே பெயராக்கி அணிலாடு முன்றிலார் என்றெல்லாம் வழங்கினோமே, அது நினைவுக்கு வந்தது. இந்தக் கையை எதைக் கொண்டு அழைப்பது?

வணிகரிடம் அத்தான் உண்மையைச் சொன்னார். பெயரில்லாவிட்டால் 600 யூரோ என்றார் அவர். "ஆனால் ஒட்டுப்பெயர் அப்படியே இருக்கட்டும். நான் எதுவும் கேட்கவில்லை, நீங்களும் எதுவும் சொல்லவில்லை என்றால் 1,200" என்றும் சேர்த்தார். அன்றிரவு வீட்டிற் பெரும் வாதம். முதியவரின் மகளுக்கும் விலையைத் தெரிவிக்க வேண்டும் என்றோம் நாம். அக்கா வெகுண்டார். "ஆறு வருஷம் அந்த மனிசனைத் தூக்கிக் குளிப்பாட்டினவர் இவர். இரவு இரவாய் முழிச்சிருந்தவர். அந்தக் கணக்கை ஆர் பாத்தது? நீ விடுமுறைக்கு வந்து நீதி சொல்லிப்போட்டுப் போவாய்." எமக்கு விடை தெரியவில்லை. அக்கா சொன்னதும் உழைப்பின் பெறுமதியைப் பற்றியதேயன்றோ?

மறுநாள் அத்தான் தாமாகவே அப்பெண்ணிடம் சென்றார். எம்மையும் அழைத்துச் சென்றார். அவர் விலையைக் கேட்டு வியக்கவில்லை. ஒட்டுப்பெயரைப் பற்றிச் சொன்னபோதுதான் சிரித்தார். "அதை அப்பாதான் ஒட்டினார். அந்த நிறுவனத்தின் வண்டி வாங்க அவரிடம் பணம் இருக்கவில்லை. வீட்டுக்கு அருகே ஒருவரிடம் மாதந்தோறும் சிறிது சிறிதாகக் கட்டி இதைச் செய்வித்தார். ஞாயிறுகளில் இதில் ஏறி மலைப்பக்கம் போய்விடுவார்." செய்தவரின் பெயரை அவர் எவ்வளவு யோசித்தும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. "வண்டி உங்களுடையது. கொடுத்ததைத் திருப்பி எடுக்கமாட்டேன்" என்றார்.

நாம் மோசடியென்று தீர்ப்பளித்த ஒட்டு, ஒரு தொழிலாளியின் நிறைவேறாத ஆசை! அகச்சான்றுகள் யாவும் பொருளைச் சரியாகவே சொல்லியிருந்தன. மனிதனை மட்டும் சொல்லவில்லை.

வண்டியை வைத்திருக்க அத்தான் விரும்பினார். ஆனால் 58 அளவுச் சட்டம் அவருக்கு உயரம். ஏறி அமர்ந்தால் கால் நிலத்தை எட்டவில்லை. ஆகவே விற்பதென்று முடிவாயிற்று. வணிகருக்கன்று, ஓட்டுவதற்கென்று தேடி வந்த ஓர் இளைஞனுக்கு. விற்பனைக் குறிப்பை எம்மை எழுதச் சொல்லி, அத்தான் இத்தாலிய மொழியில் ஆக்கினார். ஆண்டு: 1970களின் நடுப்பகுதி. குழாய்: கொலம்புஸ். கீழ்க்குழாயில் உள்ள பெயர் மெய்ப்பெயர் அன்று. ஓட்டியவர் விரும்பி ஒட்டியது. ஓட்டியவர்: செஸ்தோவின் கடைசல் தொழிலாளி ஒருவர். செய்தவர்: அவர் வீட்டருகே பட்டறை வைத்திருந்த ஒருவர், பெயரை மறந்துவிட்டோம்.

இளைஞன் குறிப்பை இருமுறை வாசித்தான். 600 யூரோவை எண்ணிக் கொடுத்தான். ஒட்டுப்பெயரை உரிக்கப்போவதில்லை என்றான். அக்கா அந்தப் பணத்தைப் புரட்டாதி வாடகைக்கென்று எடுத்து வைத்தார்.