காலையில் மட்டும் அடித்த கரண்ட்

என் கட்சிக்காரர் கோவையில் லேப்டாப் கடை வைத்திருப்பவர். நுகர்வோர் ஆணையத்தின் நோட்டீஸைக் கொண்டுவந்து மேஜையில் போட்டபோதே கொதித்துக்கொண்டிருந்தார். "சார்ஜரை மாத்திக் கொடுத்தேன், அப்புறம் லேப்டாப்பையே மாத்திக் கொடுத்தேன். அதுவும் ஷாக் அடிக்குதாம். கடையில போட்டுப் பார்த்தா ஒண்ணுமே இல்லை சார்!"

புகார்தாரர் சிங்காநல்லூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தபடி வேலை பார்த்த பெண். சார்ஜர் செருகியிருக்கும்போது லேப்டாப்பைத் தொட்டால் கரண்ட் அடிக்கிறது, ஒருநாள் கையை உதறியதில் லேப்டாப்பே கீழே விழுந்தது என்பது மனு. பணமும் இழப்பீடும் கேட்டிருந்தார்.

உலோக உடல் கொண்ட லேப்டாப்பில் லேசான கூச்சம் புதிதல்ல. சார்ஜருக்குள் மின் இரைச்சலை அடக்க வைக்கும் கெப்பாசிட்டர் வழியாக மிகச் சிறிய கசிவு வெளியே வரும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் நம் விரலைத் தேடும். ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவான அந்தக் கசிவு கூசவைக்கும், ஆளைக் கொல்லாது. இதைச் சொல்லியே பதிலுரை போட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி லேப்டாப் ஆய்வகத்துக்குப் போனது. ஐ.எஸ். 13252 தரநிலைப்படி குறை ஏதுமில்லை என்று அறிக்கை வந்தது.

வழக்கு அங்கேயே முடிந்தது என்று கட்சிக்காரர் நினைத்தார். எனக்கு மனுவின் நான்காவது பத்தி உறுத்திக்கொண்டே இருந்தது. "குறிப்பாகக் காலை வேளைகளில்" என்று எழுதியிருந்தார். பொய்ப் புகார் கொடுப்பவர் யாரும் நேரங்காலம் பார்த்து எழுதுவதில்லை. வீட்டைப் பார்வையிட வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கும்படி மனு போட்டேன். "ஜெயிக்கிற கேஸ்ல எதுக்கு சார் இன்னொரு மனு?" என்று கட்சிக்காரர் சலித்துக்கொண்டார்.

ஆணையரோடு ஒரு மின் பொறியாளரும் வந்தார். டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை பேஸிலும் மறுமுனையை நியூட்ரலிலும் வைத்தார், பளிச்சென்று எரிந்தது. மறுமுனையை எர்த் துளைக்கு மாற்றினார், எரியவே இல்லை. அறைகளின் பிளக் பாயிண்டுகளில் இருந்த பச்சை ஒயர்கள் ஒன்றோடொன்று ஒழுங்காக இணைந்துதான் இருந்தன. மெயின் போர்டு வரை வந்து வெளியே போன கம்பிதான் எங்கும் போய்ச் சேரவில்லை. காரை நிறுத்த வாசலில் டைல்ஸ் போட்டபோது எர்த் குழியை மூடி, குழாயை அறுத்துவிட்டிருந்தார்கள்.

பிறகு கீசரைப் போடச் சொன்னார். அடுத்த அறையின் எர்த் துளையில் டெஸ்டர் பளபளவென்று எரிந்தது. கீசரின் ஹீட்டர் பழுதாகி அதன் உடலில் கரண்ட் இறங்கியிருந்தது. மண்ணுக்கு வழியில்லாததால் அது பச்சை ஒயரில் ஏறி வீட்டிலுள்ள எல்லா மூன்றாவது துளைகளிலும் நின்றது. மூன்று முள் சார்ஜர் அதை அப்படியே லேப்டாப்பின் உடலுக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெண் காலையில் கீசரைப் போட்டுவிட்டு லேப்டாப் முன் உட்காருவாராம். காப்பதற்காக வைத்த ஒயரே அடித்திருக்கிறது. குளியலறையைப் பார்த்த பொறியாளர், "குழாயெல்லாம் பிளாஸ்டிக், அதான் தப்பிச்சீங்கம்மா" என்றார். அந்தப் பெண் பதில் பேசவில்லை.

30 மில்லியாம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அந்த வீட்டில் கிடையாது. வீட்டுக்காரர் சொன்ன நியாயம் இது: "இத்தனை வருஷமா குடியிருந்த யாருக்கும் அடிக்கலையே." அவர்களிடம் இருந்ததெல்லாம் டிவியும் செல்போன் சார்ஜரும், எல்லாமே இரண்டு முள். கீசரும் அப்போது பழுதாகியிருக்காது.

வீட்டுக்காரர் அந்த வழக்கில் தரப்பினரே அல்ல, சேர்க்கவும் முடியாது. குடியிருக்க வீட்டை வாடகைக்கு விடுவது நுகர்வோர் சட்டத்தில் சேவையாகாது. பில் இருந்த பொருள் மீது வழக்குப் போட்டிருந்தார்கள். அறுந்த எர்த்துக்கு யார் பில் கொடுப்பார்கள்?

ஆனால் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் வயரிங் பராமரிப்பை வீட்டுக்காரர் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இளைஞர். இரண்டாவது அட்டவணையைப் பார்க்கும்படி வராந்தாவில் அவரிடம் சொன்னேன். அவர் அனுப்பிய நோட்டீஸுக்கு வீட்டுக்காரர் பதில் எழுதவில்லை, ஆள் வைத்துக் குழி தோண்டினார். கீசரும் மாறியது.

அடுத்த வாய்தாவில் புகாரைத் திரும்பப் பெறுவதாக மெமோ தாக்கலானது. செலவுத்தொகை கேட்கச் சொல்லிக் கட்சிக்காரர் பின்னாலிருந்து என் கோட்டை இழுத்தார். ஆட்சேபணை இல்லை என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.