ஆசிரியரின் தன்னம்பிக்கை

பட்டணத்துப் பள்ளி ஆசிரியர் கெட்டிக்காரர். தோட்டப் பள்ளி ஆசிரியர் அத்தகையவர் அல்லர் என்னும் எண்ணம் நம்மவரிடையே நெடுநாளாக வேரூன்றியுள்ளது. இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அக்காலத்தில் பல தோட்டங்களில் கிராணியும் கங்காணியுமே ஆசிரியராயினர். பயிற்சியற்றவரிடம் தன்னம்பிக்கையை எதிர்பார்த்தல் எங்ஙனம்?

இன்று நிலைமை வேறு. ஈப்போ நகரின் அரசாங்கப் பள்ளியாயினும், தனியார் நிலத்தில் நிற்கும் உதவி பெறும் பள்ளியாயினும், பாடத்திட்டம் ஒன்றே; ஆசிரியருக்குச் சம்பளம் அளிப்பதும் அரசாங்கமே. எனினும், நம்பிக்கை சம்பளத்தோடு வருவதன்று.

தம்மால் இயலும் என்னும் உறுதி எவ்வாறு பிறக்கிறது என்பதை உளவியலறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் விளக்கினார். தாம் கண்ட வெற்றி, தம்மை ஒத்தவர் பெறும் வெற்றி, பிறர் கூறும் ஊக்கமொழி ஆகியவை அவர் காட்டிய வழிகளுட் சில. பட்டணத்துப் பெரிய பள்ளியில் ஒரே ஆண்டு வகுப்பைப் பல ஆசிரியர்கள் கற்பிப்பர். ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்கலாம். மாணவர் குறைந்த தோட்டப் பள்ளியிலோ, ஈராண்டு மாணவரை ஒரே அறையில் வைத்து ஓர் ஆசிரியரே கற்பிக்க நேர்கிறது. அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க அருகில் எவருமில்லை. ஆகவே, ஊக்கமொழி இங்கு இருமடங்கு தேவை.

பெற்றோர் பெருமக்களே, "தோட்டப் பள்ளி வாத்தியார்தானே" எனப் பிள்ளைகள் செவிபடச் சொல்லாதீர்கள். வேலை முடிந்து வரும் வழியில் பள்ளிக்கு வாருங்கள். பிள்ளை புதிதாகக் கற்ற ஒன்றை ஆசிரியரிடம் சொல்லிச் செல்லுங்கள். மாணவச் செல்வங்களே, விளங்காததை அஞ்சாது கேளுங்கள். நாம் அனைவரும் சேர்ந்து வளர்த்தால், ஆசிரியரின் நம்பிக்கை பிள்ளைகளின் நம்பிக்கையாக மலரும்.