ஆடியில் எடுத்த படம்

ஜூலை 19, தூத்துக்குடி

உப்பளத்தில் கேமராவை ஆட்டோவில் விடவே கூடாது. விடிந்து கொஞ்ச நேரத்திலேயே பாத்தியெல்லாம் வெள்ளை. அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் கேமரா தானாக இருட்டைக் கூட்டிக்கொள்கிறது, ஆட்களின் முகம் கறுத்துப் போகிறது. முகத்துக்கு அளவு வைத்து எக்ஸ்போஷரைப் பூட்டினேன். வானம் வெளிறினால் வெளிறட்டும். வெள்ளைப் பட்டு வேட்டி மாப்பிள்ளையையும் அரக்குப் புடவைப் பெண்ணையும் ஒரே பிரேமில் எடுத்துப் பழகியவனுக்கு இது புதுச் சிக்கல் இல்லை.

படித்தது பி.காம். படம் எடுக்கக் கற்றுக்கொண்டது கல்யாண வீடியோவில். திரைப்படக் கல்லூரியில் படித்த நண்பர்கள் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தாலி ஒரு தடவைதான் கட்டுவார்கள், ரீடேக் கிடையாது. கெட்டிமேளம் முழங்கும்போது சித்தப்பா குறுக்கே வந்து நிற்பார், அவர் தோளுக்கு மேலே கேமராவைத் தூக்கத் தெரிய வேண்டும். ஆவணப்படத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும்?

ஜூலை 22

ஆடியில் முகூர்த்தம் இல்லை, ஆர்டரும் இல்லை. அதனால்தான் இங்கே வர முடிந்தது. ஆனால் ஆடிக்குக் காற்று உண்டே! நேற்று எடுத்த ஒலி முழுக்க இரைச்சல். மைக்குக்கு உரோமக் கவர் மாட்டியும் பலனில்லை.

வழி காட்டியது இங்கே உப்பு வாரும் பெரியம்மா ஒருவர்தான், என் படமே அவரைப் பற்றித்தான். இங்கே பெண்கள் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுத்தான் வேலை செய்கிறார்கள். "இந்தச் சட்டைக்குள்ள வையேன்யா, காத்து வராதுல்லா" என்றார். காலருக்கு உள்பக்கம் டேப் போட்டு ஒட்டினோம். பிறகு ஹெட்போனில் கேட்டது: உப்பு நொறுங்கும் சத்தம், அவர் மூச்சு, இடையிடையே பக்கத்துப் பாத்திக்காரியைத் திட்டுவது. திட்டு நன்றாக விழுந்திருக்கிறது. படத்தில் வைக்கலாமா என்று அவரிடமே கேட்க வேண்டும்.

ஜூலை 27

கணக்குப்பிள்ளை வந்து, "டிவிக்கா தம்பி?" என்றார். இல்லை என்றேன். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஆகஸ்ட் 1

இரவு அறையில் ஏ.கே.செட்டியாரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். கோட்டையூர்க்காரர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். 1937 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாள். நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில் இருந்தபோது காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் வந்ததாம். அப்போது அவருக்கு 25 வயது. நாடு நாடாக அலைந்து, யார் யாரோ என்றைக்கோ எடுத்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தார். சேர்ந்தது 50,000 அடி. அதை 12,000 அடியாகச் சுருக்கி, 1940-இல் தமிழில் வெளியிட்டார்.

அலைந்ததைவிட அந்த 38,000 அடியை ஒதுக்கியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எங்கள் தொழிலில் எதையும் ஒதுக்க முடியாது. பந்தியில் உட்கார்ந்த மாமா வீடியோவில் இல்லையென்றால் பாக்கிப் பணம் வராது. வந்தவர் எல்லாரும் வந்தாக வேண்டும். இங்கே அப்படி இல்லை. காலை வெயிலில் உப்பு அம்பாரம் மின்னும் ஷாட்டுகள் கார்டு நிறையக் கிடக்கின்றன, எல்லாம் காலண்டருக்குத்தான் ஆகும். இன்றிரவே ஒதுக்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 6

மதிய ஓய்வில் பெரியம்மாவைக் கொட்டகை நிழலில் உட்கார வைத்துப் பேட்டி எடுத்தேன். கஷ்டங்களைச் சொல்லுங்கள் என்றதுமே சேலையைச் சரிசெய்துகொண்டார். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கும்போது வரும் முகம் வந்துவிட்டது. சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கண் கூசுகிறது, கால் வெடிக்கிறது, குடிக்கத் தண்ணீர் தூரம். ஆனால் இதை எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பேச்சு.

கேமராவை அணைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஓடுவது அவருக்குத் தெரியும், சிவப்பு விளக்கைப் பார்த்தார். பிறகு ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தார். உப்புத் தண்ணீர் கொட்டியது. ஈரச் சாக்ஸை உரித்துப் பிழிந்து வெயிலில் போட்டார். குதிகால் வெடிப்பில் ஒட்டியிருந்த உப்பை நகத்தால் நோண்டி எடுத்துக்கொண்டே கணக்குப் போட ஆரம்பித்தார். அக்டோபரில் மழை பிடித்தால் பாத்தியில் வேலை நின்றுவிடும். வேலையில்லாத மாதங்களுக்கென்று அரசாங்கம் 2022-லிருந்து 5,000 ரூபாய் கொடுக்கிறது. "அந்த அஞ்சாயிரம் மளியக்கடை பாக்கிக்கே சரியாப் போவும். தீவாளிக்கு என்ன செய்ய? நீயே சொல்லு." நான் ஒன்றும் சொல்லவில்லை. பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்து போனார்.

இதுதான் படம். மாலையே பேட்டிக் கேள்விகள் எழுதிய தாளைக் கிழித்தேன். ஆர்.பி.அமுதன் 2003-இல் எடுத்த 'பீ' படத்தில் மதுரைத் தெரு ஒன்றில் மலம் அள்ளும் பெண்ணின் வேலைதான் கண்ணில் நிற்கும். பார்க்கிறவன் அவதிப்படுவதற்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை. இந்த மாதிரிப் படத்தில் ஆளைப் பேச வைப்பதைவிட, அவர் வேலை முடியும்வரை கூடவே நிற்கத் தெரிவதுதான் தொழில்.

அப்படிக் கூடவே நின்றதற்குப் பெரியம்மா கேட்ட கேள்வியையும் எழுதி வைக்கிறேன். "கல்யாணத்துக்குன்னா துட்டு தருவாவ. இதுக்கு யாருய்யா தாரா?" யாரும் தரவில்லை. ஆனி மாதக் கல்யாணங்களில் வந்த பணம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 15

எடிட்டிங். பெரியம்மாவுக்கு லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். திட்டு இருக்கட்டும் என்றார். மளிகைக் கடைக்காரர் பெயர் வரும் இடத்தை மட்டும் எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 16

நாளை ஆவணி. முதல் முகூர்த்தத்துக்கே ஆர்டர் வந்துவிட்டது.

படம் முடிந்தாலும் எங்கே காட்டுவது என்ற கேள்வி இருக்கிறது. தியேட்டர் நமக்கில்லை. தணிக்கைச் சான்றிதழ் இல்லாமல் பொதுவில் திரையிட்டால் சட்டம் பேசுவார்கள். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் 2017-இல் பட்ட பாடு தெரியும், பல இடங்களில் திரையிடலுக்குப் போலீஸ் அனுமதியே கிடைக்கவில்லை. எனவே சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். அது வந்தபிறகு வேண்டியது ஓர் இடமும், உட்கார ஐம்பது நாற்காலியும்தான்.

கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆடி முழுக்க உங்கள் மண்டபம் பூட்டித்தான் கிடக்கிறது. அடுத்த ஆடியில் ஒரு சாயங்காலம் திறந்து விடுங்கள். புரொஜெக்டரும் திரையும் நாங்களே கொண்டுவருகிறோம், கரண்ட் செலவையும் கொடுத்துவிடுகிறோம்.