எடை வேறு, தரம் வேறு

தை மாதம் ஐந்தாம் நாள் எங்கள் மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தென்பெண்ணையில் தீர்த்தவாரி காண எழுந்தருளும் அந்நாளில், சமய வேறுபாடு பாராமல் சுற்றுவட்டார மக்களெல்லாம் ஆற்று மணலில் கூடிவிடுவர். கரும்பு விற்பவர், பொரி விற்பவர் குரல்களுக்கிடையே பழைய நண்பர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுகொள்வதும் அன்றுதான். பிழைப்புக்காக வெளியூர் சென்றுவிட்ட நானும் இயன்ற ஆண்டுகளில் அந்நாளைத் தவறவிடுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு சென்றிருந்தபோது, மணலில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்த சிலரோடு நானும் சேர்ந்துகொண்டேன். பேச்சு அரசியலுக்குள் புகுந்தது. என் வயதொத்த ஒருவர், அங்கிருந்த இளைஞனிடம், மறைந்துபோன உள்ளூர்க் காங்கிரஸ் பெரியவர் ஒருவரைக் குறிப்பிட்டு, "அரிசிப் பஞ்சத்தில் மூட்டை மூட்டையாகப் பதுக்கி வைத்தவரப்பா அவர்" என்றார். நான் திடுக்கிட்டேன். அந்தச் செய்தி எங்கே பிறந்தது என்பது அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டுமே தெரியும். அதைப் பிறப்பித்தவனே நான்தான்.

1967ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல். எனக்கு அப்போது வயது பதினைந்து. இரண்டாண்டுகளுக்கு முன் நடந்த இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடு தணியவில்லை. அரிசியோ கிடைப்பதற்கரிய பொருளாகிவிட்டிருந்தது. தி.மு.கழகத்தோடு முஸ்லிம் லீக்கும், ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் கூட்டுச் சேர்ந்து நின்ற காலம். என் அத்தா லீக்கின் ஊழியர். கடைத்தெருவில் சிறியதொரு மணிலாக்கொட்டை மண்டி வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடுதான் நான் சொல்லும் காங்கிரஸ் பெரியவருடையது. கதர் உடுத்தியவர், மளிகைக்கடைக்காரர், அதிகம் பேசாதவர்.

பள்ளித் தோழர்களோடு கூடிச் சுவரெழுதும் உற்சாகத்தில் ஒருநாள் இரவு, அவருடைய கடைச் சுவரிலேயே கரிக்கட்டியால் எழுதினேன்: ஏழையின் அரிசி இந்தக் கடையின் பின்கட்டில் இருக்கிறது என்று. அப்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் எதையும் பார்க்கவுமில்லை. அவர் காங்கிரஸ்காரர், காங்கிரஸ் ஆட்சியில் அரிசி இல்லை, ஆகவே அரிசி அவரிடம்தான் இருக்க வேண்டும். என் சிறு மூளைக்கு அந்தத் தர்க்கமே போதுமானதாயிருந்தது.

மறுநாள் அஸர் தொழுதுவிட்டு வந்த அத்தா சுவரைப் படித்தார்கள். எழுத்தைப் பார்த்ததுமே எழுதிய கை தெரிந்துவிட்டது. என்னை மண்டிக்குள் அழைத்துச் சென்று அமர வைத்தார்கள். அடிப்பார்கள் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை.

"அவர் பதுக்கியதை நீ கண்ணால் பார்த்தாயா?"

"இல்லை அத்தா. எல்லாரும் சொல்கிறார்கள்."

"எல்லாரும் என்றால் யார்? ஒரு பெயர் சொல்."

என்னால் சொல்ல இயலவில்லை. அப்போதுதான் கலீபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி வழங்கிவரும் அந்த நிகழ்ச்சியை அத்தா சொன்னார்கள். ஒரு மனிதரை நல்லவரென்று இன்னொருவர் சாட்சி கூற வந்தார். கலீபா அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டார்கள்: நீர் அவருக்கு அண்டை வீட்டுக்காரரா? அவரோடு பயணம் செய்ததுண்டா? அவரோடு பணம் கொடுத்து வாங்கிய பழக்கம் உண்டா? மூன்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது. அப்படியானால் அவரை நீர் அறியமாட்டீர் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"இந்த மூன்றிலும் அவரை நான் அறிவேன்" என்றார்கள் அத்தா. "இருபது ஆண்டுகள் ஒரே சுவரை நடுவில் வைத்து வாழ்ந்திருக்கிறோம். திருக்கோவிலூருக்கு ஒரே வண்டியில் எத்தனையோ முறை போயிருக்கிறோம். ஆற்றில் வெள்ளம் வந்து நடுவழியில் தங்கிய இரவுகளும் உண்டு. எழுத்தில்லாமல் அவரிடம் பணம் கொடுத்திருக்கிறேன். சொன்ன நாளுக்கு ஒருநாள் முன்னதாகத் திரும்பியிருக்கிறது. என் ஓட்டு அவர் கட்சிக்கு இல்லை. அது வேறு கணக்கு. ஆனால் அவரைத் திருடன் என்று எழுதிய சுவருக்குப் பக்கத்தில் என்னால் வியாபாரம் செய்ய முடியாது."

பிறகு மண்டியிலிருந்த ஒரு மூட்டையைக் காட்டினார்கள். மணிலாவை நாங்கள் இருமுறை சோதிப்போம். தராசில் எடை பார்ப்பது ஒன்று. கைப்பிடி காயை எடுத்து உடைத்துப் பருப்பின் தரம் பார்ப்பது மற்றொன்று. ஈரக்காய் எடையில் ஏமாற்றும்; காய்ந்து தரமான காய் எடையில் குறைந்தும் நிற்கும். "எடை கேட்கும் கேள்வி வேறு, தரம் கேட்கும் கேள்வி வேறு. இதற்குரிய பதிலை அதற்குச் சொல்பவன் மண்டிக்காரன் இல்லை" என்றார்கள்.

சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாகச் சென்று, கடைத்தெரு முழுவதும் பார்த்திருக்க, அச்சுவரை நானே வெள்ளையடித்தேன். பிறகு பெரியவர் முன் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து, "பரீட்சை எப்போது?" என்று மட்டும் கேட்டார். ஆனால் அதன்பின் மாலையில் டீக்கடைப் பலகையில் வந்து அமரும் வழக்கத்தை அவர் விட்டுவிட்டார். சுவர் வெளுத்தது, சொல் வெளுக்கவில்லை.

நான் ஊருக்குள் செய்ததை, அந்நாளில் நாடு முழுவதும் பலர் பெரிய அளவில் செய்துகொண்டிருந்தனர். ஆயினும் மேலிருந்த தலைவர்களிற் சிலர், தம் தொண்டர்களைவிட இவ்விஷயத்தில் எவ்வளவோ உயர்ந்து நின்றனர் என்பதை வளர்ந்தபின் படித்தறிந்து வியந்திருக்கிறேன்.

எங்கள் ஊருக்கு அடுத்துள்ள திருவண்ணாமலையிலேயே அதற்கொரு சான்று உண்டு. 1949ஆம் ஆண்டு மே மாதம், கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி அங்கு வந்தபோது பெரியார் அவரைத் தனிமையில் சந்தித்தார். அடுத்த சில வாரங்களில் பெரியார் – மணியம்மையார் திருமணச் செய்தி வெளிவந்தது. திராவிடர் கழகம் பிளவுபட்டு, செப்டம்பரில் தி.மு.கழகம் பிறந்தது. அத்திருமணம் ராஜாஜியின் யோசனை என்றே பலரும் பேசினர். உண்மையில் அவர் அதற்கு மாறாகவே நண்பருக்குக் கடிதம் எழுதியிருந்தார் என்பது பின்னாளில்தான் வெளியாயிற்று. அக்கடிதத்தை வெளியிட்டுப் பழியைத் துடைத்துக்கொள்ள ராஜாஜி முற்படவில்லை. நண்பர் நம்பிச் சொன்னதை அமானிதமாகக் காத்தார்.

இதனால் பெரியார் ராஜாஜியின் கொள்கைக்குத் தலையசைத்துவிட்டாரா? இல்லை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த புதிய கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி, அதை எதிர்த்துத் தமிழ்நாட்டையே திரட்டியவர் பெரியார். மறுஆண்டு ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் முதலமைச்சராகி அத்திட்டத்தைக் கைவிட்டார். 1967இல் பெரியார் காங்கிரசுக்கு ஓட்டுக் கேட்டார். ராஜாஜி எதிரணியில் நின்றார். அரசியலில் நெடுங்காலம் எதிரெதிராக நின்ற இருவர். ஆயினும் 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, தள்ளாத வயதில் சக்கர நாற்காலியில் வந்து சுடுகாட்டில் கண்ணீர் விட்டவரும் பெரியாரே.

காமராஜரையும் எண்ணிப் பாருங்கள். 1967இல் விருதுநகரில் 1,285 வாக்குகள் குறைந்து தோற்றார். அவரைப் பற்றியும் அன்று என்னென்னவோ பேசப்பட்டது. ஒன்பதாண்டுகள் முதலமைச்சராக இருந்த அவர், 1975 அக்டோபர் 2 அன்று மறைந்ததும் சென்னையில் தாம் குடியிருந்த வாடகை வீட்டில்தான். அவரைக் கடுமையாக எதிர்த்து வந்த கழகத்தின் ஆட்சிதான் அப்போது இருந்தது. முதலமைச்சர் கலைஞர் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்குகளை நடத்தி, கிண்டியில் காந்தி மண்டபத்தருகே இடமளித்தார்.

நம் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள் 1972 ஏப்ரலில் வஃபாத்தானபோதும், கொள்கையில் உடன்படாத தலைவர்கள் வந்து மரியாதை செலுத்தினர். அவர்களுடைய எளிமையைப் பிறர் புகழ்ந்தபோது நாம் மகிழ்ந்தோம். அதே நியாயத்தைப் பிற கட்சிகளின் நல்லவர்களுக்கு நாமும் வழங்க வேண்டாமா? நமக்கு வாங்கும்போது ஒரு படி, பிறருக்கு அளக்கும்போது வேறொரு படி வைத்திருக்கலாமா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். குணத்தைப் புகழும் ஆர்வத்தில் கொள்கைக்கும் நற்சான்று எழுதிவிடுவது எதிர்ப்பக்கத்துத் தவறு. கக்கன் அவர்களைப் போன்ற தூயவர் அரிது. பத்தாண்டுகள் அமைச்சராயிருந்தும் எதையும் சேர்க்காமல், பிற்காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண நோயாளியாகப் படுத்திருந்தார். அங்கு வேறொருவரைப் பார்க்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். செய்தியறிந்து அவரிடம் சென்று உதவி செய்தார். ஆனால் 1965இல் மொழிக்காகப் போராடியவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தியதும் கக்கன் அங்கம் வகித்த அதே அரசுதான். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், அமைச்சர் நேர்மையானவர் என்பது எவ்வகையில் ஆறுதலாகும்? அவருடைய தூய்மைக்குத் தலைவணங்கலாம்; அவருடைய அரசுக்கு எதிராக வாக்களிக்கலாம். இரண்டும் ஒரே மனத்தில் இடங்கொள்ளக் கூடியவையே.

இவற்றினும் கொடிதான மூன்றாவது தவறொன்று உண்டு. நம் கொள்கை பேசுகிறவர், நம் சமுதாயத்தவர் என்பதற்காக அவருடைய கைச்சுத்தமின்மையைக் கண்டும் காணாதிருப்பது. எதிரியின் சிறு கறையைப் பெரிதாக்கும் நாம், நம்மவரின் பெருங்கறையைத் துணிபோட்டு மூடுகிறோம். கலீபாவின் மூன்று கேள்விகளும் எதிரிக்காக மட்டும் கேட்கப்பட்டவை அல்லவே! அண்டை வீட்டாரிடம் எப்படி நடந்தார், கூட வந்தவரை வழியில் கைவிட்டாரா, ஊர்ப் பணத்தை என்ன செய்தார் என்பவற்றை நம்மவரிடம் அல்லவா முதலில் கேட்க வேண்டும்?

அத்தாவின் வாழ்க்கையில் இறுதியாக ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 1976இல் அந்தப் பெரியவர் இறந்தார். அத்தா அன்று மண்டியைத் திறக்கவில்லை. ஆற்றங்கரைச் சுடுகாடு வரை நடந்து சென்று, எல்லாம் முடியும்வரை ஒதுங்கி நின்றார்கள். திரும்பும் வழியில் கட்சி நண்பர் ஒருவர், "ஆயுள் முழுவதும் எதிர்க்கட்சியில் இருந்தவருக்கா இவ்வளவு, பாய்?" என்று கேட்டார். "அவர் கட்சியைத்தான் எதிர்த்தேன்; அவர் எனக்குக் கடன்படவில்லை. என் மகன்தான் அவருக்குக் கடன்பட்டவன்" என்றார்கள் அத்தா.

அந்தக் கடன்தான் ஆற்று மணலில் என்முன் வந்து நின்றது. அன்று எனக்கு ஒரு கரிக்கட்டியும் ஒரு சுவரும் தேவைப்பட்டன. இன்று நம் பிள்ளைகளின் கையிலிருக்கும் கைப்பேசியில் சுவர்களுக்குக் கணக்கில்லை. ஒரு தலைவரின் தாயையும் மனைவியையும் பற்றிக்கூட எழுதிவிட்டு உறங்கப் போய்விடலாம். வெள்ளையடிக்கச் சொல்லும் அத்தாமார்கள் வீட்டில் இருக்கிறோமா என்பதே என் கேள்வி.

சொன்னவர் தம் பேச்சைத் தொடர முனைந்தபோது நான் குறுக்கிட்டேன். அந்த இளைஞனைப் பார்த்து, "தம்பி, அது பொய். அதை எழுதியவன் நான்" என்றேன். சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினர். கரிக்கட்டி, சுண்ணாம்பு வாளி, அந்த ஒரு குவளைத் தண்ணீர் என எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டு முடித்த அந்த இளைஞன், "அப்படியானால் நீங்கள் இன்று காங்கிரசா, பெரியவரே?" என்று கேட்டான்.

"இல்லை தம்பி" என்றேன். "அது வேறு கணக்கு."